பெயரும் வினையும்: அன்றாடக் கருவிகளின் இயக்கத்தை விளக்கும் தமிழ் உரைநடை குறித்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

அன்றாடப் பொருள்களின் இயக்கத்தைத் தமிழில் விளக்கும் எழுத்துகள் தெளிவு குன்றுவதற்குக் கலைச்சொற் பற்றாக்குறையே காரணம் என்னும் கருத்து கல்வியுலகில் வேரூன்றியுள்ளது. இக்கட்டுரை அக்கருத்தை மறுஆய்வு செய்கிறது. குறை பெரும்பாலும் வாக்கிய அமைப்பில், குறிப்பாக வினையைக் கையாளும் முறையில் உள்ளது என்பதை அழுத்தச் சமையற்கலன் (குக்கர்), மாவரைக்கும் இயந்திரம் (கிரைண்டர்), குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றின் வழி நிறுவ முயல்கிறது. பொருளை உறுப்புகளாகப் பிரிப்பதற்கும் செயல்களாகப் பிரிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இலாரன்ஸ் மைல்ஸ், டேவிட் மெக்காலே, ராண்டல் மன்ரோ ஆகியோரின் அணுகுமுறைகளோடு ஒப்பிடுகிறது. தொல்காப்பியம் கூறும் தொழில் முதனிலைகள் எட்டும், தன்வினை பிறவினைப் பாகுபாடும் இன்றைய தொழில்நுட்ப உரைநடைக்குப் பயன்படும் அளவுகோல்கள் என்பது இதன் முடிவு.

திறவுச்சொற்கள்: செயல்வழிப் பகுப்பு, தொழில்நுட்ப உரைநடை, கலைச்சொல், பிறவினை, தொழில் முதனிலை, அன்றாடக் கருவிகள்.

முன்னுரை

அண்ணா பல்கலைக்கழகம் 2010ஆம் ஆண்டில் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் கற்பிக்கத் தொடங்கியது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2021இல் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பொறியியல் பட்டப்படிப்பு நடத்த இசைவளித்தது. எனவே, பொறியியற் கருத்தைத் தமிழில் தெளிவாகச் சொல்ல முடியுமா என்னும் வினா இன்று மேடை விவாதத்திற்குரியதாக மட்டும் இல்லை. அது ஒரு மாணவர் தேர்வுத்தாளில் எழுதும் விடையின் தரத்தையும், அவர் தம் துறையைப் புரிந்துகொள்ளும் ஆழத்தையும் தீர்மானிக்கும் வினாவாகிவிட்டது.

இவ்வினாவுக்குத் தமிழாய்வுலகம் இதுவரை பெரிதும் சொல்லாக்கத்தின் வழியாகவே விடை தேடியுள்ளது. சொற்கள் கிடைத்துவிட்டால் அறிவியல் தமிழில் தானே இயங்கும் என்னும் நம்பிக்கை அதன் அடியில் உள்ளது. சொற்கள் கிடைத்த பின்னும் விளங்காத உரைநடை ஏன் தொடர்கிறது என்பதே இக்கட்டுரையின் சிக்கல். பெரிய இயந்திரங்களை விடுத்து அடுக்களைக் கருவிகளை இங்கு எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. குக்கரை அறியாத வாசகர் இல்லை. பொருள் தெரிந்திருந்தும் விளக்கம் புரியவில்லை என்றால், குறை பொருளின் கடினத்தில் இல்லை என்பது உறுதியாகிறது.

கலைச்சொல் மரபும் அதன் எல்லையும்

19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மருத்துவ நூல்களோடு சொற்பட்டியல்களையும் உருவாக்கினார். 1916இல் இராஜாஜி முதலியோர் சேலத்திலிருந்து அறிவியற் கலைச்சொற்களுக்கெனவே ஓர் இதழை நடத்தினர். 1938இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கலைச்சொற்களைத் தொகுத்து வெளியிட்டது. 1954 முதல் வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியமும் பின்னர் மணவை முஸ்தபா தொகுத்த அகராதிகளும் இம்மரபை விரிவாக்கின. இவ்வுழைப்பு இல்லாதிருந்தால் இன்று தமிழில் அறிவியலைப் பற்றி விவாதிக்கவே இயலாது.

ஆயினும் இம்மரபு ஒரு பழக்கத்தையும் உடன் விட்டுச் சென்றுள்ளது. கலைச்சொல் என்றாலே பெயர்ச்சொல் என்று கொள்வது அப்பழக்கம். சொல்லாக்க விவாதங்கள் பெரும்பாலும் பொருளுக்கு என்ன பெயர் என்பதைச் சுற்றியே நிகழ்கின்றன. அப்பொருள் செய்வதைக் குறிக்க எவ்வினை பொருத்தமானது என்னும் வினா அரிதாகவே எழுகிறது. இதன் விளைவை உரைநடையில் காணலாம். பெயர்கள் அடுக்கடுக்காக வர, வாக்கியத்தின் இறுதியில் ‘உள்ளது’, ‘அமைந்துள்ளது’, ‘காணப்படுகிறது’, ‘கொண்டதாகும்’ என்னும் நான்கைந்து வினைமுற்றுகளே மாறி மாறி நிற்கின்றன. தமிழில் வினை இறுதியில் வருவது இயல்பு. வாசகர் நீண்ட பெயர்த்தொடரைச் சுமந்துகொண்டு வினைக்காகக் காத்திருக்கிறார். காத்திருந்தவருக்கு ‘உள்ளது’ என்பது மட்டும் கிடைத்தால், பொருள் இருக்கிறது என்பதைத் தவிர அவர் எதையும் அறிந்துகொள்வதில்லை.

செயல்வழிப் பகுப்பு

பொருளைச் செயலால் பகுக்கும் முறைக்குப் பொறியியலில் தெளிவான வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மூலப்பொருள் தட்டுப்பாட்டை எதிர்கொண்ட ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய இலாரன்ஸ் மைல்ஸ், கேள்வியையே மாற்றி அமைத்தார். ‘இந்த உறுப்பு கிடைக்கவில்லை, இதற்கு ஈடாக வேறு எதை வாங்குவது?’ என்று கேட்பதற்கு மாறாக, ‘இந்த உறுப்பு என்ன செய்கிறது, அதே செயலை வேறு எதனால் செய்யலாம்?’ என்று கேட்டார். 1961இல் அவர் நூலாக விளக்கிய இம்முறையின் அடிப்படை விதி எளியது: ஒவ்வோர் உறுப்பின் செயலையும் ஒரு வினை, ஒரு பெயர் ஆகிய இரண்டே சொற்களில் கூற வேண்டும். இரண்டு சொற்களில் கூற இயலவில்லை என்றால், உறுப்பின் செயல் இன்னும் விளங்கவில்லை என்று பொருள்.

1960களில் சார்ல்ஸ் பைத்வே இதை மேலும் வளர்த்தார். ஒரு செயலை எடுத்துக்கொண்டு ‘எதற்காக?’ என்று கேட்டால் அதன் நோக்கமாகிய செயல் கிடைக்கும், ‘எவ்வாறு?’ என்று கேட்டால் அதனை நிறைவேற்றும் செயல் கிடைக்கும். இவ்விரு வினாக்களால் செயல்கள் ஒரு தொடராகக் கோக்கப்படுகின்றன. ஜெர்மானியப் பொறியியலாளர்கள் பால், பைட்ஸ் இருவரும் 1977இல் வெளியிட்ட வடிவமைப்பியல் நூல், எந்த இயந்திரத்தின் செயலையும் ஆற்றல், பொருள், குறிப்பு ஆகிய மூன்றின் போக்காகக் காண வேண்டும் என்று கூறுகிறது. குறிப்பு என்பது இங்குத் தகவலைச் சுமக்கும் அடையாளம்.

இவை வடிவமைப்பாளருக்கான முறைகள். பொதுவாசகருக்கு எழுதியோருள் இருவர் கருதத்தக்கவர். டேவிட் மெக்காலே 1988இல் வெளியிட்ட படநூல், கருவிகளைப் பயன்படும் இடத்தால் வகைப்படுத்தாமல் அவற்றை இயக்கும் தத்துவத்தால் வகைப்படுத்தியது. சாய்தளம் என்னும் ஒரே தலைப்பின் கீழ்ப் பூட்டும் ஏரும் ஆடையின் ‘ஜிப்’பும் ஒன்றுசேர்கின்றன. வேறு வேறு உலகைச் சேர்ந்த பொருள்கள் ஒரே செயலைச் செய்கின்றன என்பதை வாசகர் கண்டுகொள்வதே அந்நூல் தரும் மகிழ்ச்சி. ஆனால் அதில் வினையைச் சுமப்பது பெரும்பாலும் ஓவியம். படத்தின் துணையின்றி நிற்கும் உரைநடை அச்சுமையைத் தானே ஏற்க வேண்டும்.

ராண்டல் மன்ரோ 2015இல் வெளியிட்ட நூல் வேறொரு சோதனை. ஆங்கிலத்தில் மிகுதியாக வழங்கும் ஆயிரம் சொற்களை மட்டும் கொண்டு விண்ணூர்தி முதல் வீட்டுக் கருவிகள் வரை அவர் விளக்கினார். கலைச்சொல்லைக் கைவிட்டதால் ஒவ்வொரு பொருளையும் அதன் செயலால் பெயரிட வேண்டிய கட்டாயம் அவருக்கு ஏற்பட்டது. அந்நூலின் வலிமை அதுவே. அதன் குறையும் அங்கேயே உள்ளது. செயல் விளங்கிய பின்னும் பெயர் வராததால் ஒரே நீண்ட தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. நுண்ணிய வேறுபாடுகள் மழுங்குகின்றன. எளிய சொல் வேறு, தெளிவு வேறு என்பதற்கு இந்நூல் நல்ல சான்று. கலைச்சொல் தேவைதான், அது வரும் இடமே கருதத்தக்கது.

உறுப்புவழி உரையும் செயல்வழி உரையும்

தமிழ்ப் பாட உரைகளின் பொதுப்போக்கைக் காட்டுவதற்காக இவ்வாய்வாளர் அமைத்த மாதிரி உரை வருமாறு:

“அழுத்தச் சமையற்கலன் என்பது கலன், மூடி, மூடியின் விளிம்பில் பொருத்தப்பட்டுள்ள மீள்ம வளையம், மூடியின் நடுவில் அமைந்துள்ள அழுத்தக் கட்டுப்பாட்டு எடை, பாதுகாப்பு ஓரதர் ஆகிய பகுதிகளைக் கொண்டதாகும். வெப்பம் அளிக்கப்படும்போது உள்ளே அழுத்தம் அதிகரிக்கப்படுகிறது. இதனால் உணவு விரைவாகச் சமைக்கப்படுகிறது.”

இதில் பிழையான செய்தி எதுவும் இல்லை. கலைச்சொற்களும் செம்மையானவை. ஆயினும் இதைப் படித்த ஒருவர் எடையைக் கழற்றிவிட்டால் என்ன ஆகும் என்று கூற இயலாது. அழுத்தம் ஏன் சமையலை விரைவுபடுத்துகிறது என்பதும் அவருக்கு விளங்காது. அதே பொருளைச் செயலிலிருந்து தொடங்கினால் உரை இவ்வாறு அமையலாம்:

“திறந்த பாத்திரத்தில் கொதிக்கும் நீர் ஏறக்குறைய 100 பாகை செல்சியசுக்கு மேல் சூடாவதில்லை. அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் கூடுதல் வெப்பம் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிறது. அவ்வாவியை வெளியேறவிடாமல் அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் நீர் கொதிக்கும் வெப்பநிலையும் ஏறும். வளிமண்டல அழுத்தத்தைப் போல் இரு மடங்கானால் நீர் ஏறக்குறைய 120 பாகையில் கொதிக்கும். பருப்பு அச்சூட்டில் விரைவில் வேகும். ஆவியைக் கசியாமல் அடைப்பது மூடியின் விளிம்பில் உள்ள ரப்பர் வளையம், இதுவே கேஸ்கட். அழுத்தத்தை வரம்புக்குள் நிறுத்துவது ஆவித்துளையின் மேல் அமர்ந்திருக்கும் எடை.”

இரண்டாம் உரையின் முதுகெலும்பு ஒரு செயல்தொடர்: நேரத்தைக் குறைத்தல், வெப்பநிலையை உயர்த்தல், அழுத்தத்தை உயர்த்தல், ஆவியை அடைத்தல், இடைவெளியை மூடுதல். மேலிருந்து கீழாக ‘எவ்வாறு?’ என்று கேட்டுச் செல்லலாம். கீழிருந்து மேலாக ‘எதற்காக?’ என்று கேட்டு ஏறலாம். ‘கேஸ்கட்’ என்னும் சொல் அதன் செயலுக்குப் பின்னர் வருகிறது. அதற்குள் வாசகரிடம் அச்சொல்லை வைப்பதற்கு ஓர் இடம் உருவாகிவிடுகிறது.

செயலிலிருந்து தொடங்கும் உரை கணக்கிற்கும் வழிவிடுகிறது. எடை எவ்வளவு கனமாக இருக்க வேண்டும்? ஆவித்துளையின் விட்டம் 3 மில்லிமீட்டர் எனக் கொண்டால் அதன் பரப்பு ஏறக்குறைய 7 சதுர மில்லிமீட்டர். உள்ளிருக்கும் அழுத்தம் வெளியழுத்தத்தைவிட 100 கிலோபாஸ்கல் மிகும்போது ஆவி அத்துளையின் வழியே மேல்நோக்கித் தள்ளும் விசை ஏறக்குறைய 0.7 நியூட்டன். இதைத் தாங்கி நிற்க ஏறக்குறைய 72 கிராம் எடை போதும். அழுத்தம் அதற்கு மேல் ஏறினால் எடை தூக்கப்படும்; ஆவி சீறி வெளியேறும்; அழுத்தம் தணிந்ததும் எடை மீண்டும் அமரும். கையளவு உலோகத்துண்டு ஒன்று அளத்தல், ஒப்பிடல், திறத்தல், மூடல் ஆகிய நான்கையும் செய்கிறது. டெனிஸ் பாப்பின் 1679இல் உருவாக்கிய ஆவிக்கலனிலிருந்து தொடரும் மரபு இது.

செயலும் உறுப்பும் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் பொருந்துவதில்லை என்பதையும் இக்கலன் காட்டுகிறது. மூடியைப் பிடித்து நிறுத்தல் என்னும் ஒரே செயலை இருவகைக் குக்கர்கள் இருவகையாகச் செய்கின்றன. வெளிமூடி வகையில் கலனின் விளிம்பும் மூடியின் விளிம்பும் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. உள்மூடி வகையில் மூடி கலனின் உள்ளிருந்து விளிம்பை அழுத்துகிறது. உள்ளழுத்தம் ஏற ஏற அடைப்பு இறுகுகிறது. உறுப்புப் பட்டியல் இரண்டிலும் ‘மூடி’ என்றே கூறும். பகையாக இருக்கும் அழுத்தத்தையே காவலாக மாற்றிய அறிவு அப்பட்டியலில் இடம்பெறாது.

யார் சுழற்றுகிறார், எது சுழல்கிறது?

தமிழ் வினைகளின் ஒரு சிறப்பியல்பு தொழில்நுட்ப உரைநடையில் போதிய அளவு பயன்படுத்தப்படவில்லை. சுழல் – சுழற்று, உருள் – உருட்டு, திரும்பு – திருப்பு, அடங்கு – அடக்கு, ஆடு – ஆட்டு எனத் தன்வினையும் பிறவினையும் தமிழில் வடிவத்திலேயே வேறுபடுகின்றன. இயக்குவது எது, இயங்குவது எது என்பதை வினையின் வடிவமே காட்டிவிடுகிறது. இயந்திரத்தை விளக்க முற்படும் ஒருவருக்கு இதைவிடக் கூர்மையான கருவி வேண்டியதில்லை.

ஆட்டுக்கல் இதற்குத் தகுந்த எடுத்துக்காட்டு. ஆட்டுக்கல்லில் அடிக்கல் நிலைத்திருக்கிறது. கை குழவியைச் சுழற்றுகிறது. மின்கிரைண்டரில் மின்னோடி அடிக்கல்லோடு கூடிய பாத்திரத்தைச் சுழற்றுகிறது. பிடிக்கப்பட்ட குழவி நின்ற இடத்திலேயே உராய்வினால் சுழல்கிறது. நிற்பதும் ஓடுவதும் இடம் மாறிவிட்டன. ஆயினும் அரிசி அரைபடுவதற்குத் தேவையானது இரு கற்களுக்கிடையே உள்ள சார்பியக்கம் மட்டுமே. அது இரண்டிலும் உண்டு. ‘கல் சுழற்றப்படுகிறது, மாவு அரைக்கப்படுகிறது’ என்னும் செயப்பாட்டு வாக்கியம் இலக்கணப்படி குற்றமற்றது. ஆனால் எக்கல், எதனால் என்னும் இரண்டையும் அது மறைத்துவிடுகிறது. மின்கிரைண்டரின் கண்டுபிடிப்பு மறைந்துபோவது இம்மறைப்பில்தான்.

பொருள், ஆற்றல், குறிப்பு என்னும் மூவகைப் பகுப்பை இங்குப் பொருத்தினால் மேலும் ஓர் உண்மை வெளிப்படுகிறது. ஆட்டுக்கல்லின் முன் அமர்ந்த பெண்ணின் ஒரு கை குழவியைச் சுழற்றியது. மறுகை விளிம்பில் ஏறிய மாவைக் குழிக்குள் தள்ளியது. விரல்நுனி மாவின் பதம் பார்த்தது. முதற்செயல் ஆற்றலைத் தருவது, இரண்டாவது பொருளைத் திருப்புவது, மூன்றாவது குறிப்பை அறிவது. மின்னோடி முதற்கையின் வேலையை ஏற்றது. பாத்திரத்தின் சுவரை ஒட்டி அசையாது நிற்கும் மாவுதள்ளி இரண்டாம் கையின் வேலையை ஏற்றது. விரல்நுனியின் வேலையை வழக்கமான கிரைண்டர் இன்றுவரை ஏற்கவில்லை. உறுப்புப் பட்டியலில் மாவுதள்ளி கடைசி வரியில் வரும் சிறு பலகை. செயல்வழிப் பகுப்பில் அது ஒரு கையின் உழைப்பு. எழுத்தில் பதிவாகாத பெண்களின் உழைப்பு எத்தனை செயல்களால் ஆனது என்பதைப் பொறியியல் விளக்கம் ஒன்று இவ்வாறு கணக்கிட்டுக் காட்ட முடிகிறது.

தொழில் முதனிலை எட்டு

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் வேற்றுமை மயங்கியல், ஒரு தொழில் நிகழ்வதற்கு முதனிலையாவன எட்டு என வகுக்கிறது. வினை, அதைச் செய்யும் கருத்தா, செயப்படுபொருள், நிகழும் இடம், காலம், கருவி, யாருக்காக என்பது, பயன் ஆகியவை அவை. உரை மரபில் குடம் வனையும் தொழில் இதற்கு எடுத்துக்காட்டாகக் காட்டப்படுகிறது. எல்லாத் தொழிலுக்கும் எட்டும் வருவதில்லை, வழக்கில் சில குறையலாம் என்பதையும் அடுத்துவரும் நூற்பா ஒப்புக்கொள்கிறது. இதனால் தொல்காப்பியத்தில் பொறியியல் உள்ளது என்று கூறுதல் மிகையாகும். அது வேற்றுமைப் பொருளை விளக்க எழுந்த இலக்கணம். ஆனால் ஒரு செயலை முழுமையாகச் சொல்வதற்கு எவை தேவை என்னும் வினாவுக்கு அது தரும் விடை, உரைநடையைச் சோதிக்கும் அளவுகோலாகப் பயன்படும்.

அவ்வளவுகோலைக் கொண்டு பார்த்தால், மைல்ஸின் இருசொல் விதி எட்டில் இரண்டை, அதாவது வினையையும் செயப்படுபொருளையும் மட்டுமே கேட்கிறது. பைத்வேயின் இரு வினாக்கள் பயனையும் கருவியையும் சேர்க்கின்றன. இடமும் காலமும் இம்முறைகளில் முதன்மை பெறவில்லை. அவை எவ்வளவு இன்றியமையாதவை என்பதற்குக் குக்கரே சான்று. கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் உள்ள உதகமண்டலத்தில் திறந்த பாத்திரத்து நீர் 93 பாகையை ஒட்டியே கொதித்துவிடும். அங்குப் பருப்பு வேக நெடுநேரம் ஆகும். குக்கரின் எடை காப்பது உள்ளழுத்தத்திற்கும் வெளியழுத்தத்திற்கும் உள்ள வேறுபாட்டையே ஆதலால், மலைமேல் குக்கருக்குள்ளும் வெப்பநிலை சமவெளியைவிடச் சில பாகை குறையும். ‘நிலம்’ என்னும் முதனிலையை விட்ட விளக்கம் இதைச் சொல்ல மறந்துவிடும்.

காலமும் அவ்வாறே. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்னும் பழமொழி திறந்த பானைக்கு உரியது. மூடி இறுகிய கலனில் ஒரு சோற்றை எடுத்துப் பார்க்க வழியில்லை. ஆவியை அடைத்தபோதே பதம் பார்க்கும் வாய்ப்பும் அடைபட்டது. அவ்விடத்தை நிரப்பியது விசில். மிகுந்த அழுத்தத்தைக் கழிப்பதே எடையின் தொழில். ஒலி அதன் உடன்விளைவு. சமைப்போர் அவ்வொலியைக் காலத்தை அளக்கும் குறிப்பாக்கிக்கொண்டனர். பருப்புக்கு இத்தனை விசில், கிழங்குக்கு இத்தனை விசில் என்னும் கணக்கு அடுக்களைகளில் உருவானது. கருவிக்குரிய செயலை வடிவமைப்பாளர் மட்டுமே தீர்மானிப்பதில்லை, பயன்படுத்துவோரும் தீர்மானிக்கின்றனர். யாருக்காக என்னும் முதனிலையை வினவும்போது இது புலப்படுகிறது.

பெயர் தரும் உதவியும் தடையும்

துருவி, வடிகட்டி, மூடி, இடுக்கி எனத் தமிழ் அடுக்களை தன் கருவிகளைச் செயலாலேயே பெயரிட்டு வந்துள்ளது. புதிய சொற்களிலும் இவ்வியல்பு தொடர்கிறது. ‘ஈருருளி’, ஈழ வழக்கிலுள்ள ‘துவிச்சக்கரவண்டி’ ஆகியவை உறுப்பின் எண்ணிக்கையால் அமைந்த பெயர்கள். ‘மிதிவண்டி’ வினைத்தொகை, மனிதர் செய்யும் செயலால் அமைந்தது. இரண்டு சக்கரங்கள் மோட்டார் வாகனத்திற்கும் உண்டு. மிதித்துச் செலுத்துவதே மிதிவண்டிக்குரிய தனியியல்பு. ஆதலால் செயற்பெயரே இங்கு நுட்பமானது.

ஆயினும் செயலால் அமைந்த பெயர் எப்போதும் வழிகாட்டும் என்று கொள்வதற்கில்லை. ‘குளிர்சாதனப் பெட்டி’ என்னும் பெயர், அப்பெட்டி குளிரை உண்டாக்குகிறது என்னும் எண்ணத்தை விதைக்கிறது. அது உண்மையில் செய்வது உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே விடுதல். குளிரூட்டி உள்ளே ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்கிறது. அழுத்தி அதை இறுக்கி வெளிக்குழாய்க்குச் செலுத்துகிறது. அங்கு அது மீண்டும் நீர்மமாகும்போது கவர்ந்த வெப்பத்தை உமிழ்கிறது. கதவைத் திறந்துவைத்தால் அறை குளிருமா என்னும் வினாவுக்குக் ‘குளிரும்’ என்று விடையளிப்பவர் பெயரை நம்பியவர். அடைத்த அறையில் மொத்தத்தில் வெப்பம் கூடவே செய்யும். ஏனெனில் எடுத்த வெப்பம் அதே அறையில் விடப்படுகிறது, அதனோடு இயந்திரம் செலவிட்ட மின்னாற்றலும் வெப்பமாகச் சேர்கிறது. பெயர் விளைவைச் சொல்கிறது, செயலைச் சொல்லவில்லை. எவ்வளவு நல்ல கலைச்சொல்லும் விளக்கத்தின் வேலையைத் தானே செய்துவிடாது என்பதை இது உணர்த்துகிறது.

எதிர்வாதங்கள்

செயல்வழி விளக்கத்திற்கு எதிராக மூன்று தடைகள் எழலாம். முதலாவது, செயல் வடிவத்தை முழுமையாக விளக்காது என்பது. ஹென்றி பெட்ரோஸ்கி 1992இல் வெளியிட்ட நூலில், பொருள்களின் வடிவம் அவற்றின் செயலிலிருந்து பிறப்பதைவிட, முந்தைய வடிவங்களின் குறைகளிலிருந்தே பிறக்கிறது என்று வாதிட்டார். இத்தடை ஏற்கத்தக்கது. பருப்பின் நுரையும் தோலும் ஆவித்துளையை அடைத்துவிட்டால் எடை பயனற்றுப்போகும். அதனால்தான் பாதுகாப்பு வால்வு தனியே வைக்கப்பட்டது. பல குக்கர்களில் அது தாழ்ந்த வெப்பநிலையில் உருகும் கலப்புலோகத்தால் ஆனது. இரண்டும் ஆவியை வெளியேற்றுபவையே. ஆனால் எடை அழுத்தத்திற்கு விடையளிக்கிறது. வால்வு வெப்பநிலைக்கு விடையளிக்கிறது. ஒன்று தோற்கும் வழியில் மற்றொன்று தோற்காதிருக்க வேண்டும் என்பதே இதன் உட்கருத்து. ஆகவே செயலை விளக்கும் உரை, ‘இது இல்லாவிட்டால் என்ன ஆகும்?’ என்னும் வினாவையும் உடன் எடுத்துச்செல்ல வேண்டும். எதிர்மறை நிபந்தனை எச்சம் தமிழில் இதற்கு இயல்பாகவே அமைந்துள்ளது.

இரண்டாவது தடை, செயப்பாட்டுவினை அறிவியல் நடைக்குரிய நடுநிலையைத் தருகிறது என்பது. ஆய்வகச் செய்முறையை எழுதும்போது செய்தவர் யார் என்பது தேவையற்றது. அங்குச் செயப்பாட்டுவினை பொருந்தும். கருவியின் இயக்கத்தை எழுதும்போது செய்வது எது என்பதே செய்தி. அங்கு அது செய்தியை அழிக்கிறது. நடையைத் தேர்வதற்கு முன் இவ்வேறுபாட்டை அறிதல் வேண்டும்.

மூன்றாவது தடை, இம்முறை எளிய கருவிகளுக்கே ஏற்றது என்பது. மைல்ஸ், பைத்வே, பால், பைட்ஸ் ஆகியோரின் முறைகள் பெருந்தொழிற்சாலைகளின் தேவைக்காக எழுந்தவை என்பது இதற்கு விடையாகும். எளிய கருவிகள் இங்குச் சோதனைக்களமாகவே கொள்ளப்பட்டன. தொடர் நீளலாம், கிளைக்கலாம், வினாக்கள் மாறுவதில்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் கருத்துகள் வருமாறு. தொழில்நுட்பத் தமிழின் தெளிவின்மை சொற்குறையால் மட்டும் நேர்வதன்று. பெயருக்கு அளித்த கவனத்தை வினைக்கு அளிக்காமையாலும் நேர்கிறது. உறுப்புகளை எண்ணித் தொடங்கும் விளக்கம் பொருளின் இருப்பைக் கூறுகிறது. செயலிலிருந்து தொடங்கும் விளக்கம் அதன் காரணத்தைக் கூறுகிறது. தன்வினை பிறவினை வேறுபாட்டைப் போற்றி எழுதினால் இயக்குவதும் இயங்குவதும் தனித்தனியே விளங்கும். கலைச்சொல் செயலுக்குப் பின்னர் வந்தால் நினைவில் நிற்கும். முன்னர் வந்தால் மனப்பாடமாகும். தொழில் முதனிலை எட்டையும் வினாக்களாக மாற்றினால், பாடநூல் எழுதுவோர் தம் பத்தி ஒவ்வொன்றையும் சோதித்துக்கொள்ள இயலும்.

கலைச்சொல் அகராதிகள் பல நம்மிடம் உள்ளன. பொறியியலில் வழங்கும் வினைகளைத் தன்வினை, பிறவினை இணைகளாகவும், அவை ஏற்கும் வேற்றுமைகளோடும் தொகுத்த வினையகராதி ஒன்று இனித் தேவை. தமிழ்த்துறையும் பொறியியல் துறையும் ஒரே மேசையில் அமர்ந்தால்தான் அப்பணி நிறைவேறும். தமிழ்வழியில் பொறியியல் பயிலும் மாணவர் ஒரு கருவியின் உறுப்புகளை வரிசையாக ஒப்பிப்பதோடு நின்றுவிடாமல், அவற்றுள் ஒன்றை நீக்கினால் என்ன நேரும் என்பதைத் தம் சொந்த வாக்கியத்தில் எழுதுவதற்கு அது துணைநிற்கும்.